தெளிந்த நீரில் தெரியாதது: பாஸ்டன் துறைமுகமும் மாணவர்களின் படகுப் பயணமும்

பாஸ்டன் நகரின் லாங் வார்ஃப் படகுத்துறையிலிருந்து பள்ளி மாணவர்களை ஏற்றிக்கொண்டு புறப்படும் படகு, சிறிது நேரத்திலேயே அகன்ற நீர்ப்பரப்புக்கு வந்துவிடுகிறது. ஒரு கரையில் விமான நிலையத்தின் ஓடுபாதைகளும் மறு கரையில் கண்ணாடிக் கட்டடங்களும் நிற்க, எதிரே தாழ்ந்த பசுந்தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாக விரிகின்றன. நீரில் நாற்றம் இல்லை. வெளித்தீவுகளின் பாறைகளில் சீல்கள் படுத்திருக்கின்றன. பயணத்தை வழிநடத்தும் ஆசிரியருக்குச் சிக்கல் தொடங்குவதும் இந்த அழகான காட்சியில்தான். 1980-களில் அமெரிக்காவின் மிக அழுக்கான துறைமுகம் என்று நாடெங்கும் பேசப்பட்ட நீர் இது என்பதற்குக் கண்ணால் காணத்தக்க சான்று ஏதும் மிஞ்சவில்லை. 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு பிறந்த ஒரு மாணவருக்குக் கடல் எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று தோன்றுவது இயல்பு. துப்புரவுப் பணி எவ்வளவு நன்றாக நடந்ததோ, அவ்வளவுக்கு அது தன் தடயத்தைத் தானே அழித்துவிட்டது. துறைமுகத்தின் வரலாற்றையும் மீட்சியையும் படகிலிருந்து கற்பிப்பதற்குத் தனிப் பயிற்சியும் முன்தயாரிப்பும் வேண்டியிருப்பதற்கு இதுவே காரணம்.

முதலில் கரையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் மாணவர்கள் நிற்கும் கரையே பழைய கரை அன்று. ஐரோப்பியர் குடியேறிய 1630-இல் பாஸ்டன் என்பது ஒடுங்கிய நிலக்கழுத்து ஒன்றினால் மட்டுமே பெருநிலத்தோடு ஒட்டியிருந்த சிறு தீபகற்பம். ஷாமட் என்பது அதன் பெயர். பின்வந்த இரண்டரை நூற்றாண்டுகளில் சதுப்புகளையும் சேற்றுத் திடல்களையும் மண்ணால் நிரப்பி நகரம் தன்னைப் பெருக்கிக்கொண்டது. 1773 டிசம்பர் 16 அன்று 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டிய நிகழ்ச்சி அமெரிக்கப் பாடநூல்கள் அனைத்திலும் இருக்கிறது. ஆனால் அந்தக் கப்பல்கள் கட்டப்பட்டிருந்த கிரிஃபின் துறை இன்று தெருக்களுக்கு அடியில் மண்ணுக்குள் கிடக்கிறது. பிரிட்டிஷ் அரசு அதற்குத் தண்டனையாக 1774 ஜூன் 1 முதல் துறைமுகத்தை மூடியபோது நகரமே பட்டினியின் விளிம்புக்குப் போனது என்பதிலிருந்து, பாஸ்டனுக்குத் துறைமுகம் எவ்வளவு இன்றியமையாததாக இருந்தது என்பதை மாணவர்கள் உணரலாம்.

அந்த வணிகத்தின் ஒரு கிளை நம் கடற்கரை வரை நீண்டது என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரடெரிக் டியூடர் என்ற வணிகர், சுற்றுவட்டாரக் குளங்களில் குளிர்காலத்தில் உறையும் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, வெப்ப நாடுகளுக்கு அனுப்பினார். 1833-இல் டஸ்கனி என்ற கப்பல் ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டியோடு இந்தத் துறைமுகத்திலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நான்கு மாதக் கடற்பயணத்துக்குப் பிறகு அதில் சுமார் 100 டன் கரையாமல் எஞ்சியிருந்தது. 1842 அளவில் சென்னைக் கடற்கரையில் அதே வணிகத்துக்காகக் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். குளத்து நீரை வெட்டியெடுத்து உலகுக்கு விற்கும் அளவுக்குத் தூய நீரை நம்பியிருந்த ஒரு நகரம், அதே நூற்றாண்டின் இறுதியில் தன் கழிவையெல்லாம் தன் துறைமுகத்துக்குள் திருப்பிவிட்டது. இந்த இரண்டு செய்திகளையும் மாணவர்கள் ஒருசேரக் கேட்பதில் பொருள் உண்டு.

எப்படித் திருப்பிவிட்டது என்பதில் அக்காலப் பொறியியலின் ஒரு நம்பிக்கை அடங்கியிருக்கிறது. பாஸ்டன் துறைமுகத்தில் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடையே நீர்மட்டம் சுமார் 3 மீட்டர் மாறுகிறது. நாளுக்கு இருமுறை இவ்வளவு நீர் வெளியேறுவதால், கழிவையும் அதோடு கலந்து அனுப்பிவிட்டால் ஆழ்கடல் அதை ஏற்றுக்கொள்ளும் என்று கருதினார்கள். 1884-இல் முடிவடைந்த நகரின் பெருவடிகால் அமைப்பு, கழிவுநீரை மூன் தீவிலுள்ள தொட்டிகளில் தேக்கிவைத்து, கடல் வற்றும் நேரம் பார்த்துத் திறந்துவிட்டது. அன்றைக்கு அது உலகத் தரத்தில் முன்னேறிய ஏற்பாடு. தெருவோரம் தேங்கிக் காலராவைப் பரப்பிய கழிவை வீட்டுவாசலிலிருந்து அகற்றியது. ஆனால் வற்றிய கடல் திரும்ப ஏறும் என்பதை அந்த ஏற்பாடு போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை. வெளியே சென்றதில் ஒரு பகுதி மறு ஓதத்தில், அதாவது கடல் மீண்டும் ஏறும்போது, உள்ளே வந்தது. கனமான பொருள்கள் தரையில் படிந்து கரிய சேறாயின.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இரண்டு சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. குவின்சி நகரை ஒட்டிய நட் தீவில் 1952-இலும் துறைமுக வாயிலில் உள்ள டீர் தீவில் 1968-இலும் அவை செயல்படத் தொடங்கின. இரண்டுமே முதல்நிலைச் சுத்திகரிப்பு மட்டும் செய்தவை. அதாவது கழிவுநீரைத் தொட்டியில் நிறுத்தி, மிதப்பதை வழித்து, படிவதைப் பிரித்தெடுப்பது. பிரித்தெடுத்த கசடை என்ன செய்தார்கள் என்று மாணவர்கள் கேட்பார்கள், கேட்க வேண்டும். கடல் வற்றும் நேரத்தில் அதே துறைமுகத்தில் விட்டார்கள். நீரிலிருந்து பிரித்ததை மீண்டும் நீரிலேயே சேர்ப்பதற்காக இயங்கிய நிலையங்கள் அவை. இயந்திரங்கள் பழுதடைந்த நாள்களில் அந்தப் பிரிப்பும் நடக்கவில்லை. மழை பெய்தால் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் கலந்து, குழாய் கொள்ளாமல், ஆற்று வாய்களிலும் கடற்கரைகளிலும் வழிந்தன. துறைமுகத்தின் அடித்தரையில் ஒட்டிக் கிடக்கும் தட்டைமீன்களின் கல்லீரலில் கட்டிகள் சாதாரணமாகக் காணப்பட்டன.

1972-இல் அமெரிக்காவின் தூய நீர்ச் சட்டம் நிறைவேறியபோது, நகரங்கள் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்புக்கு மாற வேண்டும் என்று விதித்தது. காற்றை ஊட்டி, நுண்ணுயிர்களை வளர்த்து, கரைந்திருக்கும் அழுக்கை அவற்றுக்கு உணவாக்கும் முறை அது. அதற்கான கட்டுமானச் செலவில் நான்கில் மூன்று பங்கை நடுவண் அரசு மானியமாகக் கொடுக்கவும் முன்வந்தது. பல நகரங்கள் அந்தப் பணத்தைப் பயன்படுத்திக்கொண்டன. பாஸ்டன் பகுதியை நிர்வகித்த மாநகர மாவட்ட ஆணையமோ, ஆழ்கடலில் கழிவுநீரை விடும் நகரங்களுக்கு 1977-இல் அளிக்கப்பட்ட விலக்கைக் கோரி ஆண்டுக்கணக்கில் விண்ணப்பித்துக்கொண்டிருந்தது. விலக்கு கிடைக்கவில்லை, மானியத் திட்டமும் சுருங்கி முடிந்தது. இப்படி ஒத்திப்போட்டதன் விலையை யார் கட்டினார்கள் என்பதற்குப் பிறகு வருகிறேன். துறைமுக வரலாற்றில் மாணவர்கள் மனத்தில் நிறுத்த வேண்டிய ஒரே ஒரு முடிவு உண்டென்றால், இந்த விலக்கு விண்ணப்பத்தையே நான் சொல்வேன். தீய எண்ணத்தோடு எவரும் அதை எழுதவில்லை. செலவைத் தவிர்க்க நினைத்த சாதாரண நிர்வாகக் கோப்பு அது.

திருப்பம் ஒரு கடற்கரையிலிருந்து வந்தது. 1982-இல் குவின்சி நகரின் சட்ட ஆலோசகராக இருந்த வில்லியம் கோல்டன், வாலஸ்டன் கடற்கரையில் ஓடிக்கொண்டிருந்தபோது காலடியில் மனிதக் கழிவு கரையொதுங்கிக் கிடந்ததைக் கண்டார். அந்த ஆண்டே குவின்சி நகரம் ஆணையத்தின் மீது மாநில நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. நீதிபதி பால் காரிட்டி, சட்டப் பேராசிரியர் சார்ல்ஸ் ஹாரை உண்மை அறியும் பொறுப்பில் நியமித்து, அவருடைய அறிக்கையைக் கொண்டு அரசை நெருக்கினார். சட்டமன்றம் தயங்கியபோது, புதிய கட்டடங்களுக்குக் கழிவுநீர் இணைப்பே கொடுக்கக் கூடாது என்ற தடையை 1984-இன் இறுதியில் கையில் எடுத்தார். கட்டுமானத் தொழில் நின்றுவிடும் என்ற அச்சம் வந்த சில வாரங்களில், மாசசூசெட்ஸ் நீர்வள ஆணையம் என்ற புதிய அமைப்பு சட்டமாயிற்று. தனக்கென வருவாயும் கடன் பெறும் அதிகாரமும் கொண்ட அமைப்பு அது. இதற்கிடையே கன்சர்வேஷன் லா ஃபவுண்டேஷன் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு 1983-இல் நடுவண் நீதிமன்றத்துக்குச் சென்றது. 1985-இல் நடுவண் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் வழக்குத் தொடுத்தது. அந்த வழக்கை ஏற்ற நீதிபதி டேவிட் மசோனி, ஒவ்வொரு கட்டுமானப் படிக்கும் நாள் குறித்து, அறிக்கை பெற்று, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மேற்பார்வையிட்டார்.

இதே நீரில் நடந்த மிகப் புகழ்பெற்ற படகுப் பயணம் மாணவர்களுடையது அன்று. 1988 செப்டம்பர் 1 அன்று, குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்ட ஜார்ஜ் புஷ், தன் எதிராளியும் மாசசூசெட்ஸ் ஆளுநருமான மைக்கேல் டுகாகிஸின் சொந்த ஊருக்கே வந்து, துறைமுகத்தில் படகேறி, அதன் அழுக்கைத் தொலைக்காட்சிகளுக்குக் காட்டினார். அவர் காட்டிய அழுக்கு உண்மையானது. ஆனால் அதற்கு முன்பே நீதிமன்றக் கால அட்டவணை நடைமுறைக்கு வந்துவிட்டது என்பதும், மானியத்தைச் சுருக்கிய நடுவண் அரசில் அவரே துணைத் தலைவராக இருந்தார் என்பதும் அந்தப் படகிலிருந்து தெரியவில்லை. படகின் மேல்தளத்தில் நின்று ஒரு நீர்ப்பரப்பைப் பார்ப்பதால் மட்டும் எதுவும் விளங்கிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் மாணவர்களுக்குக் கிடைக்காது.

டீர் தீவை நெருங்கும்போது முட்டை வடிவில் பன்னிரண்டு பெருங்கலன்கள் வரிசையாக எழுகின்றன. பெரும்பாலான மாணவர்கள் வியந்து கேட்கும் கேள்வி அவற்றைப் பற்றியதுதான். கசடைக் காற்றில்லாமல் செரிக்கவைக்கும் கலன்கள் அவை. செரிமானத்தில் எழும் மீத்தேன் வாயு நிலையத்தின் வெப்பத்துக்கும் மின்சாரத்துக்கும் எரிபொருளாகிறது. எஞ்சிய கசடு குவின்சிக்குச் சென்று உலர்த்தப்பட்டு உரமணிகளாகிறது. துறைமுகத்தில் கசடை விடுவது 1991 டிசம்பரில் நின்றது. 1995-இல் புதிய முதல்நிலை அமைப்பும், 1997 முதல் படிப்படியாக இரண்டாம் நிலை அமைப்பும் இயங்கத் தொடங்கின. 1998-இல் நட் தீவு நிலையம் மூடப்பட்டு, தெற்குப் பகுதிகளின் கழிவுநீர் கடலடிச் சுரங்கம் வழியாக டீர் தீவுக்கு வரலாயிற்று. இன்று 43 ஊர்களின் கழிவுநீர், சராசரியாக நாளொன்றுக்கு 130 கோடி லிட்டர் அளவுக்கு, இங்கே வந்து சேர்கிறது.

சுத்திகரித்த நீர் இங்கிருந்து எங்கே போகிறது என்பதே இந்தக் கதையில் மிகவும் சிந்திக்கத்தக்க பகுதி. டீர் தீவிலிருந்து கடலடிப் பாறையைக் குடைந்து சுமார் 15 கிலோமீட்டர் நீளமும் 7 மீட்டருக்கு மேல் விட்டமும் கொண்ட சுரங்கம் அமைக்கப்பட்டு, மாசசூசெட்ஸ் விரிகுடாவில் ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்தில் முடிகிறது. அதன் கடைசி இரண்டு கிலோமீட்டரில் உள்ள ஐம்பதுக்கும் மேற்பட்ட செங்குத்துக் குழாய்கள் நீரைப் பரப்பி விடுகின்றன. 2000 செப்டம்பர் 6 அன்று சுரங்கம் திறக்கப்பட்டபோது நிலையத்தின் கழிவுநீரைத் துறைமுகத்துக்குள் விடுவது அடியோடு நின்றது. ஆனால் அதே காரணத்தால், அந்த விரிகுடாவின் மறுபுறத்திலுள்ள கேப் காட் பகுதி மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பாஸ்டனின் கழிவை எங்கள் விரிகுடாவுக்கு அனுப்புகிறீர்கள் என்பது அவர்கள் வாதம். அருகிப்போன திமிங்கிலங்கள் உணவு தேடும் நீர் அது. அவர்களுடைய எதிர்ப்பின் பயனாகத்தான் தொடர் கண்காணிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஆண்டுதோறும் சேர்ந்த அளவீடுகள் அஞ்சிய பெருங்கேட்டைக் காட்டவில்லை. எதிர்த்தவர்களின் அச்சம் மெய்ப்படவில்லை என்பதால் அவர்கள் தவறு செய்தார்கள் என்று மாணவர்களிடம் சொல்லிவிடக் கூடாது. நீரை இடைவிடாது அளந்து பார்க்கும் பழக்கத்தை இந்தத் திட்டத்துக்குள் கொண்டுவந்ததில் அவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

அந்தச் சுரங்கத்துக்கு மனித உயிர்களும் போயின. 1999 ஜூலையில், பணி முடியும் தறுவாயில், செங்குத்துக் குழாய்களின் அடைப்புகளை அகற்றுவதற்காக வெளிச்சமும் காற்றும் இல்லாத சுரங்கத்தின் கோடிக்குச் சென்றவர்களில் இரண்டு நீர்மூழ்கிப் பணியாளர்கள், சுவாசக் கருவி ஏற்பாடு பழுதானதால் இறந்தார்கள். படகில் சொல்லப்படும் வரலாற்றில் அவர்களுக்கு ஒரு நிமிடமாவது ஒதுக்கப்பட வேண்டும்.

டீர் தீவுக்கு இதைவிடப் பழைய துயரங்களும் உண்டு. 1675-இல் குடியேறிகளுக்கும் பழங்குடிகளுக்கும் போர் மூண்டபோது, கிறித்தவம் தழுவி ஆங்கிலேயரோடு இணங்கி வாழ்ந்த நிப்மக் முதலான பழங்குடி மக்களைக் கட்டாயமாகப் பெயர்த்துக் கொண்டுவந்து இந்தத் தீவில் அடைத்தார்கள். குளிரிலும் பசியிலும் பெருந்தொகையினர் மடிந்தார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் ஆண்டுதோறும் துடுப்புப் படகுகளில் வந்து முன்னோரை நினைவுகூர்கிறார்கள். 1847 முதல், பஞ்சத்திலிருந்து தப்பிவந்த அயர்லாந்துக்காரர்களை நோய்த்தடுப்புக்காக இங்கே நிறுத்திவைத்தார்கள். நூற்றுக்கணக்கானோர் இங்கேயே புதைக்கப்பட்டார்கள். பிறகு 1991 வரை சிறை இருந்தது. நகரம் தன் கண்ணிலிருந்து விலக்க விரும்பிய மனிதரையும் பொருளையும் அனுப்பும் இடமாகத் துறைமுகத் தீவுகள் இருந்துவந்தன என்பதை இந்த ஒரு தீவே காட்டிவிடுகிறது. ஸ்பெக்டக்கிள் தீவிலும் இதே நிலைதான்: அம்மைநோய்த் தடுப்பு மருத்துவமனை, இறந்த குதிரைகளைக் கொழுப்பாகவும் தோலாகவும் பிரிக்கும் ஆலை, பிறகு நகரக் குப்பைமேடு. நகருக்கு அடியில் நெடுஞ்சாலைச் சுரங்கம் தோண்டியபோது வெளிவந்த மண்ணைக் கொண்டு அந்தக் குப்பைமேட்டை மூடி, மரம் நட்டு, 2006-இல் பூங்காவாகத் திறந்தார்கள். மாணவர்கள் அங்கே ஏறும் பசுங்குன்றின் அடியில் குப்பை அப்படியே இருக்கிறது. 1996 முதல் 34 தீவுகளும் தீபகற்பங்களும் சேர்ந்து தேசியப் பூங்காவின் பகுதியாகப் பாதுகாக்கப்படுகின்றன.

படகில் மாணவர்கள் கையால் செய்யும் சோதனைகள் இந்த வரலாற்றோடு இணைக்கப்படும்போதுதான் பொருள் பெறுகின்றன. கறுப்பும் வெள்ளையுமாக நிறம் தீட்டிய வட்டத்தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளப்பது எளிய பயிற்சி. அந்த ஆழம் ஏன் மாறுகிறது என்ற கேள்வி எளிதன்று. கழிவு குறைந்தால் நீரிலுள்ள நைட்ரஜன் குறைகிறது, அதனால் மிதவைப் பாசி குறைகிறது, ஒளி தரையை எட்டுகிறது, கடற்புல் திரும்புகிறது. அடித்தரையில் நடந்த மாற்றம் இன்னும் நுட்பமானது. கசடு நின்ற சில ஆண்டுகளில், சேற்றில் சிறு குழாய்கள் கட்டி வாழும் கணுக்காலிகள் பாய் விரித்ததுபோலப் பரவின. பழைய சேற்றில் தேங்கியிருந்த அழுக்கே அவற்றுக்கு உணவாயிற்று. அந்த உணவு தீரத்தீர அவையும் குறைந்து, வேறு உயிரினங்களுக்கு இடம் விட்டன. தட்டைமீன்களின் கல்லீரல் கட்டிகளும் மறைந்தன. கழிவை எடுத்துச் செல்லும் என்று 1884-இல் நம்பப்பட்ட அதே ஓதம், கழிவு வருவது நின்றபின் துறைமுகத்தைக் கழுவும் வேலையை விரைவாகச் செய்தது.

செலவுக்கு வருகிறேன். இந்தத் துப்புரவுக்கு ஏறத்தாழ 380 கோடி டாலர் செலவாயிற்று. மானியக் காலம் கடந்துவிட்டதால் அதில் மிகப் பெரும்பகுதியைச் சுற்றுவட்டார மக்கள் தங்கள் குடிநீர்-கழிவுநீர்க் கட்டணத்தில் கட்டினார்கள். 1990-களின் தொடக்கத்தில் கட்டணம் ஏறிய வேகத்தைக் கண்டு தெருவில் இறங்கிப் போராடினார்கள். வாடகை வீட்டில் இருந்த ஏழைக் குடும்பமும் தன் பங்கைக் கொடுத்தது. அந்தப் பணத்தில் தெளிந்த நீரின் கரையில்தான், ஒருகாலத்தில் வண்டி நிறுத்துமிடங்களாகக் கிடந்த சீபோர்ட் பகுதி, நகரின் மிக விலையுயர்ந்த வட்டாரங்களில் ஒன்றாக உயர்ந்தது. கறுப்பின மக்கள் மிகக் குறைவாக வாழும் வட்டாரங்களில் ஒன்றும் அதுவே. கட்டணம் கட்டியவர்களுக்கும் பயன் பெற்றவர்களுக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியை நான் சிறிய செய்தியாகக் கருதவில்லை. கரையைப் பொதுமக்கள் பயன்படுத்தலாம் என்ற உரிமை 1640-களின் குடியேற்றக் காலக் கட்டளையில் வேர்கொண்டு, இன்றைய மாநிலச் சட்டத்தின் 91-ஆம் அத்தியாயத்தில் நிலைத்திருப்பதால், சுமார் 70 கிலோமீட்டர் நீளமுள்ள துறைமுக நடைபாதை அந்த மாளிகைகளின் முன்னாலும் செல்கிறது. தொலைவிலுள்ள வட்டாரங்களின் பள்ளிகளிலிருந்து வரும் மாணவர்களுக்கு இந்த உரிமையை எடுத்துச் சொல்வது, நீர் மாதிரியை அளப்பதற்குச் சற்றும் குறையாத பாடம்.

பணி முடிந்துவிடவும் இல்லை. 1988-இல் ஆண்டுக்கு 330 கோடி காலனாக இருந்த மழைக்கால வழிவு, சேமிப்புச் சுரங்கங்களாலும் குழாய்ப் பிரிப்பாலும் ஏறத்தாழ 40 கோடி காலனாகக் குறைந்திருக்கிறது. ஆயினும் பெருமழை நாள்களில் சில இடங்களில் இன்னும் வழிகிறது. கடல்மட்டமும் 1921 முதல் சுமார் 28 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. 2018 ஜனவரி 4 அன்று வீசிய புயலில் பாஸ்டனின் ஓத அளவு அதுவரையிலான பதிவுகளை முறியடித்தது. லாங் வார்ஃப் மூழ்கி, அதன் அருகிலுள்ள அக்வேரியம் சுரங்க ரயில் நிலையத்துக்குள் கடல்நீர் இறங்கியது. மாணவர்கள் படகேறி இறங்கும் அதே இடம் அது.

டீர் தீவு நிலையத்தை வடிவமைத்தவர்கள் 1980-களின் இறுதியிலேயே இதை எண்ணிப் பார்த்திருந்தார்கள். நீர் தன் எடையாலேயே சுரங்கத்துக்குள் இறங்க வேண்டுமானால் நிலையம் கடலைவிடப் போதிய உயரத்தில் இருக்க வேண்டும். கடல் உயர்ந்தால் அந்த ஓட்டம் தளரும். ஆகவே முழு நிலையத்தையும் முதலில் எண்ணியதைவிடச் சுமார் அரை மீட்டர் உயர்த்திக் கட்டினார்கள். அதற்குப் பின் எழுந்த சீபோர்ட் கட்டடங்கள் பலவும் நிரப்பிய தாழ்நிலத்தில் நிற்கின்றன. 2018 புயலன்று அந்தத் தெருக்களில் கடல்நீர் ஓடியது.